மதுரையிலிருந்து கரண்ட் எப்போது வரும்? சம்பூர், சீனக்குடா, அனுமதிக் கடதாசிகள்

2025 ஏப்ரல் 7, காலை. மூதூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டது:

முந்தாநாள் கொழும்பில் இந்தியாவுடன் ஏழு ஒப்பந்தம் கையெழுத்தானது. கடலுக்கடியால் கரண்ட் வருமாம், திருகோணமலைக்கு எண்ணெய்க் குழாய் வருமாம். நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து இதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். இரண்டு அரசாங்கத்துக்கும் சம்மதம் என்றால் இன்னும் என்னதான் தடை? அரசியல்தானே? வேறு காரணம் இருந்தால் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

2025 ஏப்ரல் 7, இரவு

அரசியல் பாதிதான் தம்பி. மற்றப் பாதியைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை என்பதால் அதையே எழுதுகிறேன். நான் 12 வருடம் ஒரு நில அளவை நிறுவனத்தில் படவரைஞனாக இருந்தவன். மின்கம்பி போகிற வழி, வீதி போகிற வழி எல்லாம் என் மேசையால் போயிருக்கின்றன.

புரிந்துணர்வு ஒப்பந்தம் என்பது கலியாணப் பேச்சுக்கால் மாதிரி. இரண்டு வீட்டுக்கும் சம்மதம், சரி. பொன்னுருக்கு இன்னும் நடக்கவில்லை. இந்தக் கம்பிக்கு 2010 இலேயே சாத்தியவள ஆய்வுக்கென்று ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். மதுரையிலிருந்து அநுராதபுரம், முதலில் 500 மெகாவாட், பிறகு 1000 என்றார்கள். 15 வருடம் கழித்து மறுபடி ஒரு புரிந்துணர்வு. இடையில் வேண்டியிருந்தது என்னவென்றால் அமைச்சரவை அனுமதி, யூனிட் விலை, பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவின் சம்மதம், சுற்றாடல் அறிக்கை, கரையோரப் பெமிற், காணி. அந்தக் கரையிலும் இதே மாதிரி ஒரு வரிசை இருக்கிறது. எல்லை தாண்டிப் போகிற, வருகிற மின்சாரத்துக்கென்று இந்திய மின் அமைச்சு 2018 இல் வழிகாட்டி வெளியிட்டது, அவர்களுடைய மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2019 இல் விதிகள் கொண்டுவந்தது. அதாவது 2010 இல் எங்களோடு பேசும்போது அவர்களிடமே இதற்கு முழுமையான விதி இருக்கவில்லை.

10 கிலோமீற்றருக்கு மேற்பட்ட மின்கம்பித் தொடர் எல்லாம் எங்கள் சுற்றாடல் சட்டத்தில் விதிக்கப்பட்ட திட்டம், அதாவது சுற்றாடல் அனுமதி எடுக்க வேண்டும் என்று பட்டியல் போட்டு வைத்த திட்டம், ஆகவே இந்தக் கேபிளுக்கும் முழு அறிக்கை கட்டாயம்.

2025 ஏப்ரல் 8

அநுராதபுரம் இல்லை, மன்னார் என்று ஒருவர் திருத்தியிருக்கிறார். சரிதான், பிந்திய பேச்சுக்களில் மதுரை மன்னார் என்றே வருகிறது. அதிலிருந்து உள்ளே கொண்டுபோக இங்கே தனியாகக் கோபுரக் கம்பி வேண்டும்.

இன்னொருவர், நேரே ஒரு வயரை இழுத்துப் பொருத்தினால் போதாதா என்கிறார். போதாது. வீட்டுக்கு வருவது ஆடலோட்டம், செக்கனுக்கு 50 தடவை போய்த் திரும்புவது. கடலுக்கடியால் நீளமாக அதை அனுப்பினால் கேபிளே பெரும்பங்கைத் தின்றுவிடும். அதோடு இரண்டு நாட்டு வலையமைப்பும் ஒரே தாளத்தில் ஆட வேண்டி வரும், அங்கே ஒரு தடுமாற்றம் என்றால் இங்கேயும் விழும். ஆகவே மதுரைப் பக்கம் ஒரே திசையில் ஓடுகிற நேரோட்டமாக மாற்றி, கடலைக் கடத்தி, இங்கே திரும்ப ஆடலோட்டமாக்க வேண்டும். அந்த மாற்று நிலையம் இரண்டுக்கும் பெரிய செலவு. இப்படிச் செய்தால் அவரவர் தாளம் அவரவருக்கு, கரண்ட் மட்டும் கைமாறும்.

2025 ஏப்ரல் 14

நேற்றிலிருந்து 21 ஆம் திகதி வரை, பிற்பகல் 3 மணி மட்டும், கூரையில் சூரியத் தகடு போட்டவர்கள் அதை நிறுத்தி வைக்க வேண்டும் என்று மின்சார சபை கேட்டிருக்கிறது. வருடப்பிறப்புக்குத் தொழிற்சாலை எல்லாம் பூட்டு, கரண்ட் எடுக்க ஆளில்லை, வெயிலோ கொளுத்துகிறது. உவர்மலையில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா கடன் எடுத்துத் தகடு போட்டவர். காலையில் சுவிட்சை நிறுத்திவிட்டு வந்து படியில் இருந்து, தம்பி, இந்த மாதக் கடனை வெயிலா கட்டும், மின்சார சபையா கட்டும் என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமையை மறந்திருக்க மாட்டீர்கள். பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து நாடு முழுக்கக் கரண்ட் போனது. எல்லோரும் குரங்கைத்தான் பேசினார்கள். ஞாயிறு பகல், பாவனை குறைவு, சூரிய மின்சாரம் அதிகம், சுழன்றுகொண்டிருந்த பெரிய இயந்திரங்கள் குறைவு. அந்த நேரத்தில் வலையமைப்புக்குத் தாங்குசக்தி கிடையாது. குரங்கு இல்லாவிட்டால் மின்னல், மின்னல் இல்லாவிட்டால் மரக்கிளை. அக்கரையோடு ஒரு கை பிடித்திருந்தால் இப்படியான பகல்களில் மிச்சத்தை அனுப்பலாம், அக்காவின் சுவிட்ச் நிற்க வேண்டியதில்லை. எனக்கு இந்தக் கேபிள் வேண்டும் என்பதற்கு இதுதான் முதல் காரணம்.

2025 ஏப்ரல் 16

மேலே 7 ஆம் திகதிக் குறிப்பில் பிழை விட்டிருக்கிறேன். விதிக்கப்பட்ட திட்டங்களின் வர்த்தமானியைத் திரும்ப எடுத்து வாசித்தேன், 1993 ஜூன் 24 இல் வந்தது. அதில் இருப்பது தலைக்கு மேலால் போகிற கம்பி, 50 கிலோவோல்ற்றுக்கும் 10 கிலோமீற்றருக்கும் மேல். கடலுக்கடியால் போகிற கேபிள் அந்த வரியில் அடங்காது. அது கரை ஏறுகிற இடத்துக்குக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம்தான் வாசல். அந்த வலயம் தரைப்பக்கம் 300 மீற்றர், கடல்பக்கம் 2 கிலோமீற்றர். பெமிற் கொடுக்கிறவர் விரும்பினால் தாக்க மதிப்பீடு கேட்கலாம். விரும்பினால் என்ற சொல்லைக் கவனியுங்கள்.

ஆனால் எண்ணெய்க் குழாய் அப்படியில்லை. தண்ணீர் தவிர்ந்த திரவமோ வாயுவோ 1 கிலோமீற்றருக்கு மேல் குழாயில் கொண்டுபோனால் அது பட்டியலில் நேரடியாக இருக்கிறது. அனல் மின் நிலையம் புது இடத்தில் 25 மெகாவாட்டுக்கு மேல் என்றால் பட்டியலில். சூரியசக்தி, காற்றாலை 50 மெகாவாட்டுக்கு மேல் என்றால் பட்டியலில்.

2025 ஏப்ரல் 17

14 ஆம் திகதி எழுதியதில் ஒரு மறுயோசனை. பகலில் எங்களிடம் மிச்சம் இருக்கும்போது தமிழ்நாட்டிலும் அதே வெயில்தானே, அவர்கள் ஏன் வாங்க வேண்டும் என்று கொட்டடியிலிருந்து ஒருவர் கேட்கிறார். நல்ல கேள்வி. தமிழ்நாடு மட்டும் என்றால் அவர் சொல்வது சரி. ஆனால் 2013 டிசம்பர் 31 இல் தென்னிந்திய வலையமைப்பை வடக்கோடு இணைத்து இந்தியா முழுவதையும் ஒரே தாளத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். மதுரையில் கொடுப்பது வேறெங்கோ எடுக்கப்படலாம். விலை நண்பகலில் குறைவாகத்தான் இருக்கும், அதையும் ஒப்புக்கொள்கிறேன். மலிவாக விற்று இரவில் கூடுதலாக வாங்கினால் யாருக்கு இலாபம் என்பது விலை ஒப்பந்தத்தில்தான் தெரியும். அந்த ஒப்பந்தம் வரும்வரை நான் சொன்ன முதல் காரணம் பாதிப் பலம்தான்.

2025 ஏப்ரல் 27

நீங்கள் திட்டத்துக்கு ஆதரவா எதிரா, ஒரு பக்கம் நில்லுங்கள் என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்கள். ஐஸ் இல்லாமல் மீன் கறுத்துப்போய்க் கரையில் புதைத்ததைப் பார்த்தவன் நான். கேபிள் வேண்டாம் என்று எப்படிச் சொல்வேன்? எனக்கு வேண்டியது கேபிளும் ஒழுங்கான அனுமதியும். இரண்டில் ஒன்று என்று ஏன் கேட்கிறீர்கள்? இதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது, கொஞ்சம் நீளம்.

சில வருடத்துக்கு முன் கொட்டியாரக் குடாவுக்குத் தெற்கே ஒரு திட்டத்துக்கான சுற்றாடல் அறிக்கையை மக்கள் பார்வைக்கு வைத்திருந்தார்கள். திட்டத்தின் பெயரும் அலுவலகத்தின் பெயரும் வேண்டாம், அங்கே இருந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. சட்டப்படி 30 வேலைநாள் வைக்க வேண்டும். எனக்குத் தகவல் கிடைத்துப் போனது 26 ஆம் நாள். அறிக்கை அலுமாரிக்குள், திறப்பு வைத்திருந்தவர் லீவு. அடுத்த நாள் என் மச்சானையும் கூட்டிக்கொண்டு போனேன். அவருக்கு அந்தப் பக்கத்தில் காணி, 2006 இல் சண்டையோடு ஓடி, கிளிவெட்டி முகாமில் இருந்து, ஒன்பது வருடத்துக்குப் பிறகு திரும்பிப் போனவர். மேசையில் கொண்டுவந்து வைத்தார்கள். வெள்ளை நாடாவால் கட்டியிருந்தது. முடிச்சைப் பார்த்தேன், அச்சகத்தில் போட்ட முடிச்சு, இறுகி அப்படியே இருந்தது. 27 நாளில் ஒருவரும் அதை அவிழ்க்கவில்லை.

நான் நகத்தால் அவிழ்த்தேன். எழுத்தெல்லாம் ஆங்கிலம், தமிழில் ஒரு சுருக்கம் மட்டும். மச்சான் எழுத்தை விட்டுவிட்டுப் படத்துக்குப் போனார். குளத்தைக் கண்டுபிடித்தார், கோயிலைக் கண்டுபிடித்தார், அங்கிருந்து விரலை மெல்ல இழுத்துக்கொண்டு வந்து ஓரிடத்தில் நிறுத்தினார். அந்த இடம் பச்சைப் புள்ளி போட்டிருந்தது. கீழே விளக்கத்தில் பச்சைப் புள்ளி என்றால் பற்றைக்காடு. இது என்ர கிணறு என்றார். அவருடைய தகப்பன் கட்டிய கிணறு. 2006 இல் ஓடும்போது வேறொன்றும் எடுக்க முடியாமல் கப்பியை மட்டும் கழற்றிச் சாக்கில் போட்டுக்கொண்டு போனார்கள், திரும்பி வந்து அதே கப்பியைப் பூட்டினார்கள். படத்தில் அந்தக் கிணறு இல்லை.

ஒருவரும் வேண்டுமென்று அழிக்கவில்லை. வானத்திலிருந்து எடுத்த படத்தைப் பார்த்து வரைந்திருக்கிறார்கள். ஒன்பது வருடம் ஆளில்லாமல் கிடந்த காணி வானத்திலிருந்து பார்த்தால் பற்றைக்காடாகத்தான் தெரியும். எனக்கு அன்று தொண்டை அடைத்தது வேறு காரணத்துக்காக. அந்தப் பச்சைப் புள்ளிகளை நானும் வரைந்திருக்கிறேன். எத்தனையோ படத்தில், வெறுங்காணி என்று நினைத்து, கை ஓடுகிற வேகத்தில். எந்தப் புள்ளிக்குக் கீழே யாருடைய கிணறு இருந்தது என்று இப்போது திரும்பிப் போய்ப் பார்க்க வழியில்லை.

அன்றிரவு இருவரும் இருந்து ஒன்றரைப் பக்கம் தமிழில் எழுதினோம். காணி உறுதியின் போட்டோக்கொப்பி, கிணற்றின் படம், விதானையாரின் கடிதம், மூன்றையும் சேர்த்துக் கடைசி நாளுக்கு முதல் நாள் கொடுத்தோம். பிறகு வந்த படத்தில் கோபுரம் ஒன்று தள்ளிப் போயிருந்தது, கிணறு இருந்த இடத்தில் சின்ன நீல வட்டம். ஒன்றரைப் பக்கத்துக்கு அவ்வளவு பலம். அதனால்தான் அனுமதி என்றால் தாமதம் என்று எழுதுகிறவர்களோடு எனக்கு ஒத்துவரவில்லை.

2025 மே 3

சம்பூர் அக்கா ஒருவர் 27 ஆம் திகதிக் குறிப்பை வாசித்துவிட்டு, எங்கட ஊர்க் கதையை ஏன் பெயர் சொல்லி எழுதவில்லை என்று கேட்கிறார். மச்சானின் காணி சம்பூர் இல்லை அக்கா. ஆனால் நீங்கள் சொன்ன பிறகு எழுதாமல் விட முடியாது.

2006 ஏப்ரலில் குண்டு விழுந்து சனம் ஓடியது. அதே வருடம் டிசம்பரில், சனம் முகாமில் இருக்கும்போதே, அந்த மண்ணில் நிலக்கரி அனல் மின் நிலையம் கட்ட மின்சார சபைக்கும் இந்திய அரச மின் கம்பனியான என்டிபிசிக்கும் புரிந்துணர்வு ஒப்பந்தம். 500 மெகாவாட், 2011 இல் பாதிக்குப் பாதி கூட்டுக் கம்பனி, 2013 இல் அடுத்த கட்ட ஒப்பந்தங்கள். வேலிக்கு வெளியே நின்ற சனம் 2015 இல்தான் திரும்பிப் போகத் தொடங்கியது. 2016 செப்டம்பரில் நிலக்கரித் திட்டம் கைவிடப்படுகிறது என்று அரசாங்கம் உயர் நீதிமன்றத்தில் சொன்னது. சுற்றாடல் வழக்குப் போட்டிருந்தார்கள். இப்போது அதே கூட்டு 120 மெகாவாட் சூரியசக்தி என்று வந்திருக்கிறது, முதலில் 50, பிறகு 70. ஏப்ரல் 5 இல் கொழும்பிலிருந்தபடியே திரையில் தொடக்கி வைத்தார்கள்.

நிலக்கரி போய் வெயில் வந்தது நல்லது, கொட்டியாரக் குடாவுக்குள் சுடுதண்ணீர் விழாது. ஆனால் பத்து வருடம் கடதாசியில் போன திட்டம் ஒன்று கடைசியில் நீதிமன்றத்தில் முடிந்ததை யோசியுங்கள். தொடக்கத்திலேயே காணிக்காரரைக் கூப்பிட்டு இருத்திக் கேட்டிருந்தால் இரண்டு நாட்டுக்கும் அந்தப் பத்து வருடம் மிஞ்சியிருக்கும். மன்னார் காற்றாலையும் அப்படித்தான் போனது. மன்னார், பூநகரி இரண்டிலும் 484 மெகாவாட், பறவைகள் வந்துபோகிற பாதை, வழக்குகள், பிறகு விலையைத் திரும்பப் பேச வேண்டும் என்று புது அரசாங்கம், இந்தப் பெப்ரவரியில் அதானி கம்பனி விலகிவிட்டது.

2025 மே 11

திருகோணமலை எண்ணெய்க் குதங்கள், அதாவது சீனக்குடாவில் நிற்கிற பெரிய எண்ணெய்த் தாங்கிகள் பற்றி ஒன்றும் எழுதவில்லையே என்கிறீர்கள். சீனக்குடாவில் பிறந்து வளர்ந்தவன் நான், தொடங்கினால் நிற்காது என்றுதான் விட்டேன்.

வெள்ளைக்காரன் கட்டிய குதங்கள், இப்போது நிற்பவை 99, ஒவ்வொன்றும் சுமார் 12,000 கிலோலீற்றர். 1942 ஏப்ரல் 9 யப்பான் குண்டு போட்ட அன்று 91 ஆம் குதம் எரிந்தது. சின்ன வயதில் மேல்தொகுதிப் பக்கம் மாடு தேடிப் போவோம். குதத்தின் சுவரில் கல்லால் தட்டினால் உள்ளே வெறுமையாக ஒரு சத்தம் நெடுநேரம் ஓடும், தம்பிமார் கோயில் மணி என்று சொல்வார்கள். மேலே ஆலமரம் வேர்விட்டிருக்கும்.

1987 இந்திய இலங்கை உடன்படிக்கையோடு போன கடிதத்திலேயே இந்தக் குதங்களை இரண்டு நாடும் சேர்ந்து திருத்தி நடத்தும் என்று எழுதியாயிற்று. 2003 இல் 35 வருடக் குத்தகை என்று இந்திய எண்ணெய்க் கம்பனியான ஐஓசியோடு ஒப்பந்தம். கீழ்த்தொகுதி பாவனைக்கு வந்தது, மேல்தொகுதி ஆலமரத்தோடு கிடந்தது. 2022 ஜனவரியில் திரும்பப் பிரித்தார்கள்: ஐஓசிக்கு 14, பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, மிச்சம் 61 இரண்டு பேரும் சேர்ந்த கம்பனிக்கு, அதில் கூட்டுத்தாபனத்துக்கு 51 வீதம். 1987 இலிருந்து 2022, எண்ணிப் பாருங்கள், 35 வருடம். இப்போது ஐக்கிய அரபு இராச்சியத்தையும் சேர்த்து மூன்று நாட்டு ஒப்பந்தம், திருகோணமலையைச் சக்தி மையமாக்கப் போகிறார்களாம், குழாய் அதற்குள்தான் வருகிறது.

என் கவலை குழாய் வருகிற பாதை. குடாவுக்குள் வந்தால் கரைவலைக்காரர் எங்கே வளைப்பது? குழாய் மேல் வலை இழுக்க முடியுமா, நங்கூரம் போட முடியுமா, தடைசெய்த அகலம் எத்தனை மீற்றர்? இந்தக் கேள்விகளுக்கு இடம் கொடுக்கிற ஒரே கடதாசி, 16 ஆம் திகதி நான் சொன்ன அந்த 1 கிலோமீற்றர் வரிக்குக் கீழே வருகிற அறிக்கை.

2025 மே 12

கிண்ணியாவிலிருந்து ஒரு ஐயா: கரைவலை மட்டுமில்லை, மட்டி எடுக்கிறவர்களையும் சேர்த்து எழுதுங்கள் என்கிறார். உண்மை. விட்டது என் பிழை. தோணி வைத்திருக்கிறவர் பெயராவது எங்கேயோ பதிவில் இருக்கும், இடுப்பளவு தண்ணீரில் நின்று மட்டி பொறுக்குகிற பெண்களின் பெயர் ஒரு பட்டியலிலும் கிடையாது.

2025 ஜூன் 20

நேபாளத்தின் கரண்ட் இந்தியாவின் கம்பி வழியாக வங்காளதேசத்துக்குப் போகத் தொடங்கியிருக்கிறது, 40 மெகாவாட். மூன்று நாட்டு ஒப்பந்தம் போன அக்டோபரில் போட்டார்கள், நவம்பரில் ஒரு நாள் அனுப்பிப் பார்த்தார்கள், இந்த மாதம் 15 இலிருந்து ஒழுங்காக. 40 மெகாவாட் சின்னத் தொகைதான். ஆனால் இந்தியா வங்காளதேசம் 500 மெகாவாட் இணைப்பு 2013 இலேயே ஓடத் தொடங்கியது, நாங்கள் ஆய்வு ஒப்பந்தம் போட்டு மூன்று வருடத்தில். அது தரை, எங்களுக்குக் கடல் என்பது ஒரு வித்தியாசம். அதை மட்டும் சாட்டாகச் சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது.

தொடக்கத்தில் அரசியலா என்று கேட்ட தம்பிக்கு: அரசியலே இல்லை என்று நான் சொல்லவில்லை. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் காற்றும் வெயிலும் சேர்ந்த மின்திட்டம் 2021 இல் சீனக் கம்பனிக்குப் போய், இந்தியா மறுத்து, 2022 இல் இந்தியாவின் கைக்கு வந்தது. தீவுச் சனம் அதுவரை டீசல் இயந்திரத்தோடு இருந்தது. அரசியல் திட்டத்தை யார் கையில் கொடுப்பது என்று தீர்மானிக்கும். கம்பி உங்கள் காணிக்கு மேலால் போகுமா பக்கத்தால் போகுமா என்பதைக் கடதாசிதான் தீர்மானிக்கும், அதில் உங்களுக்கும் ஒரு வரி எழுத இடம் இருக்கிறது.

2025 ஜூன் 23

என்ன செய்யலாம் என்று ஐந்தாறு பேர் கேட்டுவிட்டார்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2016 இன் 12 ஆம் இலக்கம், 9 ஆம் பிரிவை வாசியுங்கள். வெளிநாட்டுப் பணத்தில் ஒரு இலட்சம் டொலருக்கு மேற்பட்ட திட்டம் என்றால், தொடங்க மூன்று மாதத்துக்கு முன்பே பொதுமக்களுக்கும், பாதிக்கப்படக்கூடியவர்களுக்கும் கையிலுள்ள விபரத்தைச் சொல்வது அமைச்சரின் கடமை. நாங்கள் போய்க் கெஞ்சிக் கேட்க வேண்டிய காரியமில்லை, அவர்கள் தர வேண்டியது. இருந்தாலும் கேட்பது நல்லது, கேட்டால் தகவல் அதிகாரி 14 வேலைநாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

கேட்கும்போது பொதுப்படையாக எழுத வேண்டாம். திட்ட விபரம் தருக என்று எழுதினால் பளபளக்கும் புத்தகம் ஒன்று வரும். எந்தெந்தக் கிராம சேவையாளர் பிரிவு, வழித்தடப் படம் எந்த அளவில், எந்த வருடத்து வான்படத்தைப் பார்த்து வரைந்தது, களத்துக்கு ஆள் போனதா, போன திகதி என்ன, தமிழில் முழு அறிக்கை வருமா, எந்த அலுவலகத்தில் வைப்பார்கள். படவரைஞனாகச் சொல்கிறேன், வான்படத்தின் வருடம்தான் முக்கியம்.

2025 ஜூன் 26

மூதூர்த் தம்பி நேற்று நேரில் வந்தார். அவருடைய தகப்பனாரின் உறுதியையும் கொண்டுவந்தார், மடிப்பில் கிழிந்து, பின்னால் பழைய கலண்டர்த் தாள் ஒட்டியிருந்தது. மேசையில் விரித்துக் காணியின் நான்கு எல்லையையும் என் பழைய தாளில் வரைந்து கொடுத்தேன். கிழக்கு எல்லை கண்ணாத் தோட்டம் என்று இருக்கிறது, தோட்டம் இப்போது இல்லை, இரண்டு மரம் நிற்கிறதாம். இரண்டையும் வட்டம் போட்டுக் குறித்தோம்.

விண்ணப்பத்தைத் தமிழில் எழுதி இன்று காலை பதிவுத் தபாலில் போட்டோம். துண்டு தம்பியிடம் இருக்கிறது. 14 வேலைநாள்.